அடுப்பு மூட்ட ஓர் ஆள்

காலை ஏழே முக்காலுக்கு லெவின் அழைத்தபோது சுந்தரேஸ்வரி இருபது கோழிகளைக் கழுவி முடித்திருந்தாள்.

"தண்டவாளத்தில மரம் விழுந்து கிடக்குது. நாங்கள் காட்டுக்குள்ள நிக்கிறம்," என்றார் அவர். "எப்ப வருவன் எண்டு சொல்லேலாது. நீங்கள் சூப்பைத் தொடங்குங்கோ."

"தொடங்கேலாது, ஹேர் லெவின். நெருப்பு நூந்துபோச்சு."

"எந்த நெருப்பு?"

"அந்த நெருப்பு."

அது ஒரு யூதப் பள்ளிக்கூடத்தின் குசினி. ஜேர்மனியின் எசன் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரம். நூற்று நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு வெள்ளியும் பன்னிரண்டரைக்குப் பெற்றோரும் வந்துவிடுவார்கள். மெழுகுதிரி ஏற்றி, பாட்டுப் பாடி, பின்னல் பாண் பிய்த்து, கோழிச் சூப் குடித்துச் சபாத் என்ற வாராந்த ஓய்வுநாளை வரவேற்பார்கள். அந்தக் குசினியின் காஸ் அடுப்பில், முன் தகட்டுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகத்தளவு சுவாலை ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அதை மூட்டியவர் லெவின். குசினியில் யூத சமய விதிகள் மீறப்படாமல் பார்ப்பது அவருடைய உத்தியோகம். யூதர் ஒருவர் மூட்டிய நெருப்பில்தான் சமைக்க வேண்டும். அந்தச் சின்னச் சுவாலை இருந்தால் போதும், அதிலிருந்து மற்ற அடுப்புகளை யாரும் எரிய விடலாம்.

வியாழன் பின்னேரம் அதை அணைத்தவள் சுந்தரேஸ்வரி.

வேண்டுமென்று அல்ல. வெள்ளிக்கு முதல் நாள் அடுப்படி கழுவுவது யாழ்ப்பாணத்தில் அவள் தாய் வீட்டு வழக்கம். ஆறு மாதமாக இங்கேயும் கழுவுகிறாள். நேற்றுச் சற்று அதிகமாகவே கழுவிவிட்டாள். ஒரு வாளி தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் போனது. "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"ஆர் அணைச்சது?" என்று கேட்டார் லெவின்.

"நூந்துபோச்சு," என்றாள் மறுபடியும்.

"சரி, அதைப் பிறகு பாப்பம். நீங்கள் மூட்டவேண்டாம். எங்கட ஆள் ஒருத்தரைக் கொண்டு மூட்டுங்கோ. பெரிய பக்திமான் தேவையில்லை. வயது வந்த ஆளாயிருக்கவேணும், தாய் யூதப் பெண்ணாயிருக்கவேணும். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முழுக்க எங்கட ஆக்கள்தானே, எங்க திரும்பினாலும் ஒருத்தர் நிப்பினம். என்ர ஹண்டியில பற்றறி..."

பற்றறி பற்றி அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. திரும்ப அழைத்தபோது ஒரு பெண் குரல், இந்த இலக்கம் தற்போது இயங்கவில்லை என்றது.

அன்றோடு சுந்தரேஸ்வரியின் ஆறு மாதப் பரீட்சைக்காலம் முடிகிறது. ஒரு மணிக்குத் தலைமை ஆசிரியையின் அறையில் நிரந்தர ஒப்பந்தம் கையெழுத்தாகும் என்று சொல்லியிருந்தார்கள். லெவின் ஓம் என்றால் ஓம். வதிவிட அனுமதிக்கான விண்ணப்பம் வீட்டு மேசையில் ஒரு தாள் குறைவாகக் கிடந்தது. அந்த ஒரு தாள், இந்த ஒப்பந்தம்.

லெவினுக்கு அவளில் நல்ல எண்ணம். இறைச்சிக்குச் சிவப்புப் பிடிக் கத்தி, பாலுக்கு நீலப் பிடிக் கத்தி, இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதை முன்பிருந்தவர்களுக்கு விளங்கப்படுத்த அவருக்கு ஆறு கிழமை எடுத்ததாம். இவளுக்கு ஆறு நிமிடம். சைவச்சட்டியும் மச்சச்சட்டியும் வேறு வேறு அலுமாரியில் இருந்த வீட்டில் வளர்ந்தவள். "உங்கட ஊரிலயும் கோஷர், இப்பிடிச் சாப்பாட்டு விதி, இருக்கோ?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமையில மட்டும்," என்றாள்.

"சுந்தரி, தண்ணி வைக்கட்டோ?"

கேட்டவள் றாயா. உக்ரேனின் கார்க்கோவிலிருந்து வந்தவள், ஐம்பத்தெட்டு வயது. மணிக்கு ஒரு யூரோ வேலைத்திட்டத்தில் அரச வேலை அலுவலகமான ஜொப்சென்ரர் இரண்டு கிழமைக்கு முன் அனுப்பியிருந்தது. உருளைக்கிழங்கு சீவுவாள், வெள்ளிக்கிழமைகளில் சூப்புக்கு உப்புப் பார்ப்பாள். சுந்தரேஸ்வரி அன்று சைவம் என்பதால் ருசி பார்ப்பதில்லை. வயதுக்கு மூத்தவள் என்று "றாயா அக்கா" என்பாள். அது தன் பெயரின் ஜேர்மன் வடிவம் போலும் என்று றாயா எடுத்துக்கொண்டாள்.

கேட்டதோடு நில்லாமல் றாயாவின் கை அடுப்புத் திருகுக்குப் போய்விட்டது.

"தொடாதேங்கோ!"

றாயா கையை எடுத்தாள். "நெருப்பு..." என்று தொடங்கினாள்.

"நெருப்பைப் பற்றிக் கதைக்காதேங்கோ, றாயா அக்கா. கிழங்கைச் சீவுங்கோ."

பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப்பேர் றாயாவைப் போல ரஷ்ய மொழிக்காரர். றாயாவிடம் ஒரு விஷயம் போனால் மத்தியானத்துக்குள் வாசல்வரை போய்விடும். அவளை நெருப்புப் பக்கம் விடுவதற்கும் இல்லை. காலையில் ட்ராம் தரிப்பில் பன்றித்தொடை வைத்த பணிஸ் தின்றுகொண்டு நிற்பதைச் சுந்தரேஸ்வரி தன் கண்ணால் பல நாள் கண்டிருக்கிறாள். யூதர் பன்றி தொடமாட்டார்கள்.

முதலில் தலைமை ஆசிரியை. யூதப் பள்ளிக்கூடத்தின் தலைவி. அவரைவிட நிச்சயமான ஆள் யார்? எபிரேயத்தில் காலை வணக்கம் சொல்பவர், பண்டிகைப் பாட்டெல்லாம் பாடம். திருமதி வைட்னரின் கதவு திறந்தே இருந்தது.

சுற்றிவளைத்துக் கேட்க அவளுடைய ஜேர்மன் போதாது. லெவின் சொன்ன தகுதியை அப்படியே கேட்டாள்.

"ஃபிறௌ வைட்னர், உங்கட அம்மா யூதரோ?"

திருமதி வைட்னர் பேனையைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு யன்னலையும் சாத்தினார்.

"இதைக் கேக்கச் சொன்னது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"உங்களுக்கு அது ஏன் தெரியவேணும்?"

"சும்மா."

ஒருகாலத்தில் யூதரைத் தேடிக் கொன்ற அந்த நாட்டில் அந்தக் கேள்விக்குச் "சும்மா" என்பதைவிட மோசமான காரணம் கிடையாது. திருமதி வைட்னர் தன் தகப்பன் புரட்டஸ்தாந்து பாதிரியார் என்றும், தாய் பாதிரியாரின் மனைவி என்றும், பள்ளியில் ஆசிரியர்களை எடுப்பது சமயம் பார்த்து அல்ல என்றும், ஊழியர்களின் பூர்வீகத்தை விசாரிப்பது பாரதூரமான விஷயம் என்றும், சத்தம் உயராமல் சொன்னார். பிறகு நாட்குறிப்பைத் திறந்தார்.

"ஒரு மணிக்கு ஒப்பந்தம் எண்டு வைச்சிருந்தம். அதுக்கு முதல் இதைப் பற்றிக் கதைக்க ஒரு தெர்மின், தனிச் சந்திப்பு, வேணும். பதினொண்டு. ஊழியர் பிரதிநிதியும் வருவார்."

சுந்தரேஸ்வரி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டின் கீழே நின்று கணவனை அழைத்தாள். சோதிலிங்கம் எசனில் ஒரு பொதிக் களஞ்சியத்தில் வேலை. கதை முழுவதையும் கேட்டான்.

"உமக்கென்ன விசரோ? பொக்கற்றுக்குள்ள நெருப்புப்பெட்டி இருக்குதெல்லோ? மூட்டிப்போட்டு அலுவலைப் பாரும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லோ."

"நெருப்பில பேர் எழுதியிருக்கே?"

"அவை என்னை நம்பித்தான் குசினியை விட்டிருக்கினம். வெள்ளிக்கிழமையில எனக்கு ஆரும் மச்சக்கரண்டியால சாம்பாறு ஊத்தித் தந்தா எப்பிடியிருக்கும்?"

"ஒண்டும் தெரியாட்டி ஒண்டும் இராது."

"ஓம், உங்களுக்கு அப்பிடித்தான். போன வெள்ளி உங்கட ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள குட்டி மர முள்ளுக்கரண்டி கிடந்தது. நுனியில தக்காளிக்குழம்பு. கறிவூர்ஸ்ட் சொசேஜ் கடையில முருகன் கோயில் பிரசாதம் குடுக்கிறவையோ?"

சோதிலிங்கம் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

முள்ளுக்கரண்டிக் கதையை அவள் ஏற்கெனவே றாயாவிடம் சொல்லி ஆற்றியிருந்தாள். கைச் சைகையாலும் முப்பது ஜேர்மன் சொல்லாலும் சொன்ன கதை. றாயா தலையாட்டிக் கேட்டாள்.

எட்டே முக்கால். குசினிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். றாயா பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, கோழியை உள்ளே போட்டு, அடுப்பில் ஏற்றி, திருகில் கை வைத்திருந்தாள்.

"தொடாதேங்கோ எண்டனான்!"

"சுந்தரி, நேரம்."

"நேரம் எனக்கும் தெரியும்!"

அடுத்தது போரிஸ். விளையாட்டு ஆசிரியர், ஒடெசாக்காரர். கழுத்தில் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரம், உள்ளங்கையளவு. இந்தமுறை அம்மாவைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

"போரிஸ், நீங்கள் யூதரெல்லோ?"

"நூறு வீதம்!" என்று போரிஸ் நெஞ்சில் தட்டினார். உடற்பயிற்சி மண்டபத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ரெண்டு நிமிசம் வாங்கோ. ஒரு உதவி."

பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு உற்சாகமாகக் கூட வந்தார். படியிறங்கும்போது என்ன உதவி என்று கேட்டார். அவள் சொன்னாள். கடைசிப் படிக்கு முந்திய படியில் போரிஸ் நின்றார். பிறகு அதிலேயே உட்கார்ந்தார்.

"எங்கட அம்மா உக்ரேன்காரி, யூதரில்லை," என்றார். "அப்பா மட்டுந்தான்."

"அப்பா காணாதாம்," என்றாள் அவள், மிகவும் வருந்தி.

"எனக்குத் தெரியும். சோவியத் பாஸ்போட்டில யூதன் எண்டு எழுதியிருந்தது. அதுக்காகப் பள்ளிக்கூடத்தில ரெண்டு பல்லு உடைச்சவங்கள். இஞ்ச வந்து யூதச் சங்கத்தில பதியப் போனால், நீர் யூதன் இல்லை எண்டுட்டாங்கள். அப்ப என்ர பல்லு?"

இலங்கைத் தமிழர் ஒருவருக்கு அந்தக் கதை புதிதல்ல. கொழும்பில் அடையாள அட்டை பார்த்து அடித்தவர்களைப் பற்றிச் சொன்னாள். போரிஸ் தன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். இருவரும் பத்து நிமிடம் ஒருவரையொருவர் ஆற்றினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஆசிரியரில்லாத இருபத்திரண்டு பிள்ளைகள் பந்தோடு நடைவழிக்கு வந்து, மணி அடிக்கும் பொத்தானையும் ஒரு பூச்சாடியையும் கண்டுபிடித்தார்கள்.

மிஞ்சியது அமீர். வாசல் கூண்டில் இருக்கும் பாதுகாவலர். இஸ்ரேலிலிருந்து வந்தவர், அங்கே இராணுவத்தில் இருந்தவர், தொலைபேசியில் எபிரேயம் கதைப்பவர். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவரிடம் அம்மாவையும் கேட்கவேண்டாம், சமயத்தையும் கேட்கவேண்டாம் என்று தீர்மானித்தாள். கேட்டதால்தான் இவ்வளவும்.

"அமீர், ரெண்டு நிமிசம் குசினிக்கு வரேலுமோ? ஒரு பொத்தானை அமத்தவேணும்."

"நீங்களே அமத்தலாமே?"

"நான் அமத்தக்கூடாது."

அமீர் கமெராத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "அமத்தினால் என்ன நடக்கும்?"

"நெருப்பு வரும்."

"ஆர் சொன்னது?"

"ரெலிபோனில சொன்னவர். பிறகு லைன் கட்டாயிட்டுது."

அதே கணத்தில் திரையில், ஆசிரியரில்லாத பிள்ளைகள் நடைவழியில் ஓடுவது தெரிந்தது. மணியும் விட்டுவிட்டு அடித்தது. அமீர் மெதுவாக எழுந்து, அவளுடைய இரு கைகளும் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வெடிகுண்டு என்று எண்ணி, வானொலிக் கருவியை வாயருகே கொண்டுபோனார்.

நான்கு நிமிடத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் உடற்பயிற்சி மண்டபத்துக்குள் இருந்தது. பிள்ளைகள் இதைப் பலமுறை பழகியவர்கள். இரண்டிரண்டு பேராய்க் கைகோத்துப் போனார்கள். திருமதி வைட்னர் பெயர் வாசித்து எண்ணினார். றாயா கிழங்கு வாளியோடும் சீவுகத்தியோடும் வந்து, ஒரு வாங்கில் இருந்து, விட்ட இடத்திலிருந்து சீவினாள். வெளியே தெருவில் காவல் நின்ற பொலிஸ் வாகனம் குறுக்கே திரும்பி வழியை மறித்தது.

அமீர் சுந்தரேஸ்வரியைக் குசினி வாசலில் நிறுத்திவிட்டு, ரோச் லைற்றோடு உள்ளே போனார். மேசைகளின் கீழே பார்த்தார். குளிரறையைத் திறந்து பார்த்தார். வாளிகளைத் தூக்கிப் பார்த்தார். பை இல்லை, கம்பி இல்லை.

"எந்தப் பொத்தான்?"

அவள் வாசலில் நின்றபடியே விரல் நீட்டினாள். "அது."

"இது அடுப்பு."

"ஓம்."

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னாள். அமீர் கேட்டு முடித்ததும் கோழி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அமத்துங்கோ," என்றாள். "சிரிச்சுக்கொண்டெண்டாலும் அமத்துங்கோ."

"அமத்துவன், அக்கா. ஆனா பலன் இல்லை. நான் இஸ்ரேல்காரன்தான், யூதன் இல்லை. நாங்கள் துரூஸ். வீட்டில அரபு கதைக்கிறம், எங்கட சமயம் வேற." கண்ணைத் துடைத்தார். "பதின்மூண்டு வருசமா இவைக்குக் காவல் நிக்கிறன். ஒருத்தரும் அடுப்பு மூட்டக் கூப்பிட்டதில்லை."

ஆபத்தில்லை என்று அவர் வானொலியில் சொல்லி முடிக்க முதல், வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. நேரம் பத்து இருபது. லெவின் தொப்பி ஒரு பக்கம் சரிய, சப்பாத்தில் காட்டுச் சேறோடு உள்ளே வந்தார். பொலிஸ் வாகனத்தைக் கண்டார். அமீரின் முகத்தைக் கண்டார். குசினிக்குள் ஏறாமல் வாசலில் நின்ற சுந்தரேஸ்வரியைக் கண்டார். பின்னால் திருமதி வைட்னரும், அவருக்குப் பின்னால் போரிசும், கடைசியாகக் கிழங்கு வாளியோடு றாயாவும் வந்து சேர்ந்தார்கள்.

"என்ன நடந்தது?" என்றார் லெவின்.

"ஃபிறௌ சோதிலிங்கம் காலையில என்னட்ட வந்து..." என்று தொடங்கினார் திருமதி வைட்னர்.

சுந்தரேஸ்வரி இடையில் புகுந்தாள். ஒப்பந்தத்தை ஒருமுறை நினைத்தாள். மேசையில் ஒரு தாள் குறைந்த விண்ணப்பத்தையும் நினைத்தாள்.

"நான்தான் அணைச்சனான், ஹேர் லெவின். தானா நூரேல்லை. நேற்றுப் பின்னேரம் கழுவேக்க தண்ணி ஊத்திப்போட்டன். காலமை சொல்லப் பயந்து மழுப்பிட்டன். மூட்ட ஆள் தேடினன். கிடைக்கேல்லை. சூப் இல்லை. பாணும் சலாதும் மட்டுந்தான் குடுக்கலாம்."

திருமதி வைட்னரின் முகத்தில் காலைக் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக வேறு அர்த்தம் கொண்டது.

லெவின் அடுப்பருகே போனார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து தகட்டை விலக்கினார். நீண்ட நேரம் பார்த்தார்.

"எரியுது," என்றார்.

எல்லோரும் குனிந்தார்கள். தகட்டுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகத்தளவில், நீலமாக, அமைதியாக அது எரிந்துகொண்டிருந்தது.

"ஆர் மூட்டினது?"

"நான்," என்றாள் றாயா. "ஏழு மணிக்கு வந்தன். அணைஞ்சு கிடந்தது. மூட்டினன். சொல்ல வெளிக்கிட்டன். சுந்தரி, கதைக்காதே எண்டுட்டா."

காலையில் தகட்டை விலக்கிப் பார்க்கச் சுந்தரேஸ்வரிக்குத் தோன்றவேயில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இதுவுமா? காலை முழுவதும் யாரைத் தொடவிடாமல் காத்தாளோ, அவளே நெருப்பு வைத்திருக்கிறாள். லெவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவருடைய சேற்றுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லெவின் நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப ஏன் இன்னும் சூப் கொதிக்கேல்லை?"

தானே திருகைத் திருப்பினார். அண்டாவின் கீழ் நெருப்பு வட்டமாகப் பிடித்தது. பிறகு சுந்தரேஸ்வரியின் பொக்கற்றில் துருத்தி நின்ற நெருப்புப்பெட்டியைப் பார்த்துவிட்டுத் திருமதி வைட்னரிடம் திரும்பினார். "பொக்கற்றில நெருப்புப்பெட்டியோட மூண்டு மணித்தியாலம் பச்சைக் கோழியைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறா. ஒரு மணிக்கு நானும் வாறன், கையெழுத்துக்கு." கோட்டைக் கழற்றிக்கொண்டே வெளியேறினவர், வாசலில் நின்று, நினைவு வந்தவர் போலச் சொன்னார். "றாயாவின்ர தாயின்ர தகப்பன் கார்க்கோவில பெயர்போன ரபாய், யூத குரு. நான் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை.

எல்லோரும் போனபின், தண்ணீர் மெல்லச் சத்தமிடத் தொடங்கியபோது, சுந்தரேஸ்வரி றாயாவின் பக்கத்தில் போய் இருந்து ஒரு கிழங்கை எடுத்தாள். சீவவில்லை. கையில் வைத்து உருட்டினாள். யாரும் கேட்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"றாயா அக்கா, அப்ப அந்த ட்ராம் தரிப்பில... காலமை காலமை... பன்றித்தொடை?"

றாயா கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்.

"உன்ர மனுசன் வெள்ளிக்கிழமையில கறிவூர்ஸ்ட் தின்னுறார் எண்டு நீதானே சொன்னனீ. அதுக்காக அவரை ஆரும் கோயிலால கலைச்சவையோ?"